ஆடு வர்றதுக்கு முன்னாடி

நிறுத்தாதீங்க தம்பி. ஏன் நிறுத்துறீங்க? பாருங்க, பாருங்க. ஆமா, அது நான்தான். உங்க போன்ல வயலின் வாசிக்கிற ஆளு நான்தான். அதே மீசை, அதே குங்குமம். தோள்ல கிடக்கிற மெரூன் துண்டுகூட அதேதான். இதோ மடியில இருக்கிற பெட்டிக்குள்ளதான் அந்த வயலின் இருக்கு. மேல பலகையில வைக்க மாட்டேன். இந்த டிரைவர் போடுற பிரேக்குக்கு உள்ள இருக்கிறதெல்லாம் இடம் மாறிடும்.

இந்தப் பக்கம் வந்து உட்காருங்களேன். இல்ல, வலது பக்கம். அந்தப் பக்கம் என்ஜின் சத்தத்துல நீங்க பேசுறது ஒண்ணும் விளங்கலை. ஹாங், இப்ப சரி.

எதுக்குத் தம்பி மன்னிப்பெல்லாம்? சிரிப்பு வந்தா சிரிக்க வேண்டியதுதான். ஆட்டுக்குத்தானே சிரிச்சீங்க? எல்லாரும் ஆட்டுக்குத்தான் சிரிக்கிறாங்க. நான் மேல் ஸட்ஜத்துல நிக்கிறேன். நிக்கிறதுன்னா, ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு வில்லை மெதுவா இழுக்கிறது. அந்த இடத்துல எவனோ ஒரு ஆட்டைக் கொண்டாந்து ஒட்டிட்டான். ஆடு திரும்பி என்னைப் பார்க்குது, கத்துது, சுவரு தாண்டி ஓடிடுது. நானே முதல் தடவை பார்த்தப்ப சிரிச்சேன். நல்ல ஆடு. காது ரெண்டும் நீளமா, வெள்ளையா.

எனக்குக் கோவம் இல்லை. எது மேலயும் இல்லை. மீனலோசனி மேல மட்டும் கொஞ்சம் இருந்தது, இப்ப அதுவும் எங்க போச்சுன்னு தெரியலை.

மீனலோசனியைக் கேள்விப்பட்டிருப்பீங்களே? பாட்டுக்காரங்க. யூடியூப்ல அவங்க சேனலுக்கு அவ்வளவு பேரு. அவங்களுக்கு நான் பக்கவாத்தியம். பேரு கலியபெருமாள், தஞ்சாவூரு. அவங்களுக்குக் கல்யாணம் ஆறதுக்கு முன்னாடியிருந்தே நான்தான் வாசிக்கிறேன். என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க ஒரு சங்கதி பாடுறாங்கன்னா, அது முடியறதுக்குள்ள என் வில்லு அங்க போய் நிக்கணும். எப்படிங்க முன்கூட்டியே தெரியுதுன்னு கேட்பாங்க. காதால கேட்டு வாசிச்சா லேட் ஆயிடும் தம்பி. முகத்தைப் பார்க்கணும். புருவம் ஏறுச்சுன்னா மேல போகப் போறாங்க. கண்ணை மூடினா அங்கேயே நிக்கப் போறாங்க. இடது கை விரல் மடங்குச்சுன்னா முடிக்கப் போறாங்க. அவங்க வீட்டுக்காரரு அந்த முகத்தை அவ்வளவு பார்த்திருக்க மாட்டாரு. தப்பா நினைச்சுக்காதீங்க. தொழில் அது.

கொரோனா வந்து கச்சேரி எல்லாம் நின்னு போச்சுல்ல, அப்பதான் வீடியோ ஆரம்பிச்சோம். அவங்க அக்கா மகன் தீபன், மெட்ராஸ்ல சினிமாவுக்கு எடிட்டிங் பண்றவன், வேலை இல்லாம இங்க வந்து கிடந்தான். அவன்தான் எங்களுக்கு வாத்தியாரு. "மாமா, முதல் நாலு விநாடிதான் கணக்கு. அதுக்குள்ள ஆளைப் பிடிக்கலைன்னா கட்டைவிரலால தள்ளி விட்டுட்டுப் போயிடுவான்"னான். "டேய், நான் வில்லைத் துடைக்கவே நாலு விநாடி ஆகும்டா"ன்னேன். "அதைத்தான் வெட்டப் போறேன்"னான்.

அவன் சொன்னதை எல்லாம் நான் மறக்கலை. கேமரா முன்னாடி ஸ்ருதி சேர்க்கக் கூடாது, முன்னாடியே சேர்த்துட்டு வந்து உட்காரணும். வாராவாரம் ஒரே நாள்ல போடணும். வெள்ளிக்கிழமை காலையில, ஆளுங்க சாமி கும்பிட்டுட்டு போனைக் கையில எடுக்கிற நேரம். ஒவ்வொரு பாட்டுலயும் நல்ல இடமா ஒண்ணை அறுத்து, போனை நிமிர்த்திப் பிடிச்சாப் பார்க்கிற மாதிரி தனியா போடணும். ராகத்துப் பேரைத் தலைப்புல வைக்கக் கூடாது. "தூக்கம் வராதவங்க இதைக் கேளுங்க"ன்னு ஒண்ணுக்குப் பேரு வச்சான் பாருங்க. எங்க கச்சேரியைக் கேட்டா தூக்கம் வரும்னு நாங்களே விளம்பரம் கொடுத்தாச்சு! ஆனா அதைத்தான் லட்சக்கணக்கா பார்த்தாங்க. எழுதினவங்களுக்கெல்லாம் மீனலோசனி உட்கார்ந்து பதில் போட்டாங்க. நீலகிரியில ஒரு நர்ஸம்மா, துபாயில கிரேன் ஓட்டுற ஒருத்தரு, அவங்களுக்கெல்லாம் இவங்க சொந்தக்காரி மாதிரி ஆயிட்டாங்க. சபாவுல பாடினா முன் வரிசையில இருபது கிழவங்க, அதுல பாதிப் பேரு கேன்டீன்ல. இங்க பாருங்க, கிரேன் மேல ஏறி உட்கார்ந்து ஒருத்தன் கல்யாணி ராகம் கேட்கிறான்!

அதுல இன்னொரு வேடிக்கை. என் மூஞ்சி ஜனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. நான் வாசிக்கிறப்ப சிரிச்ச முகமா இருப்பேனாம், எனக்கே தெரியாது. "அந்த வயலின் அப்பாவைக் காட்டுங்க"ன்னு எழுதுறாங்க. ஒரு கல்யாண வீட்டுல மீனலோசனி பந்தியில உட்கார்ந்து சாப்பிடுறாங்க, பொண்ணு மாப்பிள்ளை அவங்களைத் தாண்டி வந்து எங்கிட்ட நின்னு போட்டோ எடுக்கிறாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. சந்தோஷமாவும் இருந்தது. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

என்ன? கண்டக்டரா? எப்ப கூப்பிட்டாரு? கல்லணை ஒண்ணு கொடுங்க சார். அடேயப்பா, மூணு தடவை கேட்டாராம், கோவிச்சுக்கிறாரு. வாய்க்குள்ளயே பேசினா எப்படி? இப்ப எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க. டிவியில வர்றவங்களும் முணுமுணுன்னுதான் பேசுறாங்க. நான் சத்தத்தை ஏத்தினா எம் பொண்ணு பூரணி வந்து இறக்குவா. "காது டாக்டர்கிட்ட ஒரு தடவை போய்ட்டு வருவோம்பா"ம்பா. எனக்கு எதுக்குக் காது டாக்டரு? காதை வச்சுப் பொழைக்கிறவனைப் பார்த்து சொல்ற பேச்சா அது?

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒருநாள் மாந்தோப்புல ஷூட்டிங். போனதும் தீபன் சொல்றான், "மாமா, இன்னிக்கு வில்லுக்கு ரோசின் போடாதீங்க"ன்னு. ரோசின்னா இதோ, சட்டைப் பையில இருக்கு பாருங்க, கட்டி கற்கண்டு மாதிரி. பிசின்தான். இதை வில்லுல தடவினாத்தான் அது தந்தியைப் பிடிச்சுப் பேசும். தடவலைன்னா என்னதான் இழுத்தாலும் வழுக்கிட்டுப் போயிடும், சத்தம் வராது. ஏன்டா வேணாம்ங்கிறன்னு கேட்டா, பாட்டை ஸ்டுடியோவுல முன்னாடியே எடுத்தாச்சாம். ஸ்பீக்கர்ல அது ஓடும், சித்தி வாயசைப்பாங்க, நான் கையசைக்கணுமாம். சரி, சினிமாவுலயும் அப்படித்தானே. உட்கார்ந்தேன். ஸ்பீக்கர்ல பாட்டு வந்தது. வயலினும் வந்தது. அது என் வயலின் இல்லை தம்பி.

என்னை ஸ்டுடியோவுக்குக் கூப்பிடவே இல்லையே, எப்படி என்னுதா இருக்கும்? ஆதிரைன்னு ஒரு பொண்ணாம், மெட்ராஸ்ல. நல்லாத்தான் வாசிச்சிருந்தா, பொய் சொல்லக் கூடாது. அவ சத்தத்துக்கு என் கை. அவ சத்தத்துக்கு என் சிரிப்பு.

இடைவேளையில மீனலோசனிகிட்ட போய் நின்னேன். "என்னம்மா இது?" "ஒண்ணும் இல்லண்ணே, ஸ்டுடியோவுல ஏசி ஜாஸ்தி, உங்களுக்கு ஒத்துக்காதேன்னு…" "எங்க வீட்டுலயே ஏசி இருக்கும்மா." அவங்க முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. தோப்புல கொசுவுக்குப் புகை போட்டிருந்தாங்க, எனக்கே எரிச்சலாத்தான் இருந்தது.

அதுக்கப்புறம் எல்லா ஷூட்டிங்கும் அதே கதைதான். ரோசின் போடாத வில்லு. மீசையைச் சீவிக்கிட்டுப் போவேன், பொம்மை மாதிரி கையை ஆட்டுவேன், பிரியாணி சாப்பிட்டு வருவேன். என் மூஞ்சி வேணும், நான் வேணாம். இதைத்தானே தம்பி நீங்களும் நினைப்பீங்க? வேற என்ன காரணம் இருக்க முடியும்?

கச்சேரியிலயும் ஆரம்பிச்சாங்க. நவராத்திரிக்கு ஒரு கோயில்ல நான் வாசிக்கிறேன், என் மைக்குல சத்தமே வெளிய போகலை. முன்னாடி உட்கார்ந்திருந்த ஒருத்தரு காதைக் காட்டி சைகை பண்றாரு. மைக் செட்காரனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் வைதேன். அவன் மீனலோசனியைப் பார்க்கிறான். அவங்க தம்பூராவைப் பார்க்கிறாங்க. அன்னிக்கு இன்னொண்ணும் கவனிச்சேன். முன்னெல்லாம் நான் தனியா ராகம் வாசிக்கிறப்ப அவங்க என்னைப் பார்த்துத் தலையாட்டுவாங்க. இப்ப கண்ணை இறுக்கி மூடிக்கிறாங்க. ரசிக்கிறாங்கன்னுதான் நினைச்சேன். ஆனா கண்ணை மூடிட்டா எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது தம்பி. எங்க இருக்கேன்னே தெரிய மாட்டேங்குது.

அப்பதான் முடிவு பண்ணினேன். வெட்டு இல்லாம, ஒட்டு இல்லாம, என் கையையும் என் சத்தத்தையும் நானே போடுறதுன்னு. தீபன் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் நானும் செஞ்சேன். முன்னாடியே ஸ்ருதி சேர்த்தாச்சு. மூஞ்சி மேல வெளிச்சம் விழுற மாதிரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாச்சு. எடுத்த எடுப்புல மேல் ஸட்ஜம், முதல் நாலு விநாடிக்குள்ள. பூரணிதான் போனைப் பிடிச்சா. "வயலின் அப்பாவின் சொந்த வாசிப்பு"ன்னு தலைப்பு, நானே வச்சது.

வாசிச்சு முடிச்சதும் அவ சொன்னா, "அப்பா, இன்னொரு தடவை எடுப்போமா?"

"ஏன், கை நடுங்குச்சா?"

"இல்லப்பா."

"போன் ஆடிடுச்சா?"

"இல்லப்பா. பின்னாடி கொடியில துணி தெரியுது."

"துணி தெரிஞ்சா தெரியட்டும். வீடுன்னா துணி இருக்காதா? போடு."

"நாளைக்கு எடுக்கலாம்பா. நீங்க களைப்பா இருக்கீங்க."

"பூரணி, போடும்மா."

வெள்ளிக்கிழமை காலையில போட்டா. போட்டுட்டு அடுப்படிக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டா. ரொம்ப நேரம் தண்ணி ஓடிச்சு. கழுவுறதுக்கு ஒரு டம்ளர்கூட இல்லை, அப்பதான் எல்லாம் கழுவி வச்சிருந்தா.

முதல்ல எழுதினவங்க எல்லாம் ரொம்ப மரியாதையா எழுதினாங்க. "ஐயா உடம்பைப் பார்த்துக்கங்க." "ஐயா ஓய்வு எடுங்க." "இவ்வளவு நாள் கொடுத்தது போதும் ஐயா, நன்றி." எவ்வளவு அக்கறை பாருங்க, முன்னப் பின்னத் தெரியாதவங்க. துபாய் கிரேன்காரரு மட்டும் ஒண்ணும் எழுதாம கும்பிடுற கை படம் போட்டிருந்தாரு. அப்புறம்தான் எவனோ ஆட்டை ஒட்டினான். அப்புறம் கேட்கணுமா? மீனலோசனியோட எந்த வீடியோவும் அந்த அளவுக்கு ஓடலை. டீக்கடையில, பால் பூத்துல, பூரணி வேலை பார்க்கிற ஆபீஸ்ல, எங்க பார்த்தாலும் ஆடு. தீபன் சொன்னது சரிதான், நாலு விநாடியில பிடிச்சுடுச்சு.

எனக்குக் கோவம் வரணும்ல? அழுகையாவது வரணும்ல? ஒண்ணும் வரலை தம்பி. சாப்பிட்டேன், தூங்கினேன், காலையில எந்திரிச்சு வயலினை எடுத்துச் சாதகம் பண்ணினேன். பல் டாக்டர் ஊசி போட்டு விட்டதும் கன்னத்தைத் தொட்டா யாரோட கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி இருக்கு. இன்னும் இருக்கு. பூரணிதான் சாப்பிடாம இளைச்சுப் போயிட்டா. எனக்கு அவளைப் பார்த்தா பாவமா இருக்கணும். இருக்குன்னு நினைக்கிறேன்.

போன வாரம் மீனலோசனி வீட்டுக்கு வந்தாங்க. வந்து என் வலது பக்கமா, ரொம்பக் கிட்ட உட்கார்ந்து, உரக்கப் பேசினாங்க. ஏன் இப்படிக் கத்துறாங்கன்னு எனக்கே சங்கடமாப் போச்சு, பக்கத்து வீட்டுல கேட்குமேன்னு.

"அண்ணே, அந்த வீடியோவை எடுத்துடலாம்."

"எதுக்கும்மா? நல்லா ஓடுதே."

அப்புறம் சொன்னாங்க, "கல்லணையில ஷூட்டிங் வச்சிருக்கு. நீங்க வரணும். நீங்க பக்கத்துல இல்லாம நான் எந்த வீடியோவும் போட மாட்டேன், போட்டதும் இல்லை."

"ரோசின் போட்டுட்டு வரணுமா, போடாம வரணுமா?"

அதைக் கேட்டதும் அவங்க முகம் மாறினது பாருங்க. அந்த முகத்தை நான் இத்தனை வருஷம் பார்த்திருக்கேன், அப்படி ஒரு முகத்தைப் பார்த்தது இல்லை. புருவம் ஏறலை, இறங்கலை. "அது உங்க இஷ்டம்ண்ணே"ன்னாங்க. "போடாம வந்தா வழக்கம்போல. போட்டுட்டு வந்தீங்கன்னா ஸ்பீக்கர் கிடையாது, ஆதிரை கிடையாது. நான் நேரடியா பாடுறேன், நீங்க வாசிங்க. எப்படி வந்தாலும் அப்படியே போட்டுடுவோம். என் பேரும் உங்க பேரோட சேர்ந்து போகட்டும்."

அவங்க பேரு எங்க போகுது? எனக்கு அதுதான் விளங்கலை. நான் நல்லா வாசிச்சா பேரு எதுக்குப் போகணும்? ஊருக்கெல்லாம் இவ்வளவு பெரிய பாட்டுக்காரி, சேனல்ல அத்தனை பேரு, அந்தம்மா எங்க வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு ஏன் அப்படிச் சொல்லணும்? அன்னிக்குக் கொசுப் புகைகூட இல்லை. கண்ணைத் துடைச்சுக்கிட்டேதான் படி இறங்கினாங்க.

இன்னிக்குத்தான் அந்த ஷூட்டிங். கோவிலடி தாண்டியாச்சா? அப்போ கல்லணை வந்துடும். ரோசின் இதோ கையில இருக்கு, வில்லு பெட்டியில இருக்கு. இன்னும் தடவலை. வீட்டுலயே தடவியிருக்கலாம். எடுத்தேன், வச்சேன், எடுத்தேன். பஸ்ல பார்த்துக்கலாம்னு வந்துட்டேன்.

தம்பி, உங்களை ஒண்ணு கேட்கட்டுமா? நீங்க சங்கீதம் கத்துக்கிட்டவர் இல்லையே? ஸ்கூல்லகூட இல்லையே? நல்லது. அதனாலதான் கேட்கிறேன். விஷயம் தெரிஞ்சவங்க எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறாங்க. தம்பூராவைப் பார்க்கிறாங்க, குழாயைத் திறக்கிறாங்க.

நீங்க பஸ் ஏறி உட்கார்ந்து போனை எடுத்தீங்கல்ல, அப்பவே நான் பார்த்தேன். வீடியோவைப் பார்க்கலை. அதை நான் எத்தனையோ தடவை பார்த்தாச்சு, எனக்கு எல்லாம் சுத்தமாத்தான் கேட்குது. உங்களைத்தான் பார்த்தேன். ஆடு வந்ததும் சிரிச்சீங்க. அது சரி, ஆட்டுக்கு எல்லாரும் சிரிப்பாங்க. ஆனா ஆடு வர்றதுக்கு முன்னாடியே உங்க முகம் சுளிச்சுது. புளிச்ச மோரைக் குடிச்ச மாதிரி. இல்லைன்னு சொல்லாதீங்க தம்பி, முகம் பார்க்கிறதுல எனக்குத் தப்பு வராது.

அது எந்த இடம்?

சொல்லத் தெரியலைன்னா பரவாயில்லை. வார்த்தையெல்லாம் வேணாம். முதல்லேர்ந்து திரும்பப் போடுங்க. ஆடு வரும்போது நிறுத்திடலாம், அது நமக்கு வேணாம். அந்த வயரைக் காதுல மாட்டிக்குங்க, எனக்கு வேணாம். நீங்க பாட்டைக் கேளுங்க. நான் உங்க முகத்தைப் பார்த்துக்கிறேன்.